சந்தா நின்றால் ஆவணங்கள் நம்மிடம் இருக்குமா?

கேள்வி: நாங்கள் நான்கு பேர் கொண்ட சிறிய புலனாய்வுச் செய்தி அறை. நிறுவனப் பதிவேடுகள், நீதிமன்ற ஆவணங்கள், கசிந்த மின்னஞ்சல்கள் எனப் பல ஆண்டுகளாகச் சேர்த்தவற்றை அலெஃப் என்ற திறமூல மென்பொருளில், எங்கள் சொந்த சர்வரில் வைத்துத் தேடி வருகிறோம். அதைப் பராமரித்த பொறியாளர் விலகிவிட்டார். நாங்கள் வைத்திருக்கும் வடிவத்துக்கு இனி ஆதரவும் கிடையாது என்கிறார்கள். மாதச் சந்தா கட்டும் சேவை ஒன்றுக்கு மாற எண்ணுகிறோம். மாற்றித் தருவதாக ஓர் ஆலோசனை நிறுவனமும் முன்வந்திருக்கிறது. ஓராண்டு கழித்துச் சந்தா கட்ட முடியாமல் போனால், ஆவணங்களும் அவற்றின் மேல் நாங்கள் செய்த வேலையும் போய்விடுமா?

பதில்: மூலக் கோப்புகளின் முழுப் பிரதி உங்கள் கைவசம் இருக்கும்வரை ஆவணங்கள் போகமாட்டா. போகக்கூடியது, நீங்கள் இரண்டாவதாகக் குறிப்பிட்ட அந்த வேலைதான். ஆகவே ஒரு சேவையில் எவ்வளவு எளிதாக நுழையலாம் என்று பார்ப்பதைவிட, அதிலிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொண்டு வெளியேறலாம் என்று முதலில் பாருங்கள்.

உங்கள் சர்வரில் இப்போது மூன்று விதமான பொருள்கள் இருக்கின்றன. முதலாவது, நீங்கள் ஏற்றிய கோப்புகள். இரண்டாவது, அவற்றிலிருந்து மென்பொருள் பிரித்தெடுத்த எழுத்துகளைக் கொண்டு உருவான தேடல் அட்டவணை. மூன்றாவது, யார் எதைப் பார்க்கலாம், எந்த நபருக்கும் எந்த நிறுவனத்துக்கும் தொடர்பு என்பன போன்ற விவரங்கள் அடங்கிய தரவுத்தளம். தேடல் அட்டவணை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கோப்புகளிலிருந்து அதை மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். ஸ்கேன் செய்த பக்கங்கள் மிகுதியாக இருந்தால் நாள் பிடிக்கும், அவ்வளவே.

கோப்புகளில்தான் பலரும் அறியாத ஒரு சிக்கல் இருக்கிறது. அலெஃப் தன் சேமிப்பகத்தில் கோப்புகளை அவற்றின் பெயரால் அடுக்கி வைப்பதில்லை. ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் ஒரு நீண்ட எழுத்தெண் கோவையைக் கணக்கிட்டு, அந்தக் கோவையின் பெயரிலேயே அதைச் சேமிக்கிறது. சேமிப்பகக் கோப்புறையை மட்டும் ஒரு வட்டில் படியெடுத்துக்கொண்டு காப்புப் பிரதி எடுத்துவிட்டதாக நம்பினால், எது எந்த வழக்கின் ஆவணம், எந்தக் கோப்புறையிலிருந்து வந்தது என்று சொல்ல வழியில்லாத கோப்புக் குவியல்தான் மிஞ்சும். பெயரும் இடமும் தரவுத்தளத்தில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே நாளில், ஒரே நிலையில் சேர்த்து எடுக்க வேண்டும். ஏற்றுவதற்கு முன் கோப்புகள் வந்து சேர்ந்த அசல் கோப்புறைகள் உங்களிடம் எங்காவது இருந்தால், அவை எல்லாவற்றையும்விட மதிப்புள்ளவை. அவற்றைக் குறியாக்கம் செய்த இரண்டு வட்டுகளில், இரண்டு இடங்களில் வையுங்கள்.

இனி வேலை. ஒரு பெயரும் இன்னொரு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று நீங்கள் உட்கார்ந்து முடிவுசெய்தவை, வரைந்த தொடர்புப் படங்கள், காலவரிசைகள், பதிவேட்டு அட்டவணைகளை நபர், நிறுவனம், பங்குடைமை என்று பொருத்திய விதம் ஆகியவற்றை எந்த இயந்திரமும் மறுபடி உருவாக்கித் தராது. அலெஃப் இவற்றை ஃபாலோ த மணி என்ற தரவு அமைப்பில் வைத்திருக்கிறது. அந்த அமைப்பு திறந்தது. தடைப் பட்டியல்களைத் தொகுக்கும் ஓபன்சாங்க்ஷன்ஸ் போன்ற பிற தரவுத் திட்டங்களும் அதையே பயன்படுத்துகின்றன. ஆகவே நபர்களும் நிறுவனங்களும் அவற்றின் தொடர்புகளும் வரிக்கொன்றாக ஜேசன் என்ற எழுத்துக் கோப்பு வடிவில் வெளியே வரும். ஆனால் அந்த ஏற்றுமதியோடு படங்களும், பொருத்தம் பற்றிய உங்கள் முடிவுகளும் சேர்ந்து வருமா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். ‘எல்லாம் ஏற்றுமதி செய்யலாம்’ என்று விற்பனையாளர் சொல்லும்போது, அவர் பெரும்பாலும் கோப்புகளை மனத்தில் வைத்தே சொல்கிறார்.

இதற்கு வாய்ச்சொல்லை நம்பாமல் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் தொகுப்பில் சிறியதும் தொல்லை மிகுந்ததுமான ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். அதில் மங்கலாக ஸ்கேன் செய்த பிடிஎஃப், இணைப்புகளோடு கூடிய மின்னஞ்சல் பெட்டி, பல தாள்கள் கொண்ட எக்செல், ஒரு ஜிப்புக்குள் இன்னொரு ஜிப், லத்தீன் எழுத்தல்லாத மொழியில் சில பக்கங்கள் ஆகியவை இருக்கட்டும். ஏற்கெனவே வெளியான ஆவணங்களாக அவை இருப்பது நல்லது. புதிய சேவையின் சோதனைக் கணக்கில் ஏற்றி, ஒரு தொடர்புப் படம் வரைந்து, பிறகு அனைத்தையும் வெளியே எடுத்து, முற்றிலும் வேறான ஒரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்க, அலெஃப்பிலிருந்து கிளைத்த ஓபன்அலெஃப் இருக்கிறது. கோப்புகளைத் தேடிப் பார்க்க மட்டும் போதுமென்றால், புலனாய்வு இதழாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஐசிஐஜே வெளியிட்ட டேட்டாஷேர் போதும். ஆவணங்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். மின்னஞ்சலின் இணைப்புகளை ஒரு மென்பொருள் தனித்தனியாக எண்ணும், இன்னொன்று எண்ணாது. ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 என்ற அடையாளக் கோவையை (உள்ளடக்கம் சற்று மாறினாலும் அது மாறிவிடும்) கணக்கிட்டுப் பட்டியலிட்டு, வெளியே வந்த கோப்புகளோடு அதை ஒப்பிடுவதுதான் நம்பத்தக்க வழி. இந்தச் சோதனைக்கு இடம் தராத சேவை எதுவாயினும் அதை விட்டுவிடலாம்.

உங்களிடம் வந்திருக்கும் ஆலோசனை நிறுவனத்தைப் பற்றி நீங்கள் அதிகம் கேட்கவில்லை. எனக்கோ அதுவே பெரிய ஆபத்தாகத் தெரிகிறது. மென்பொருளால் ஆவணங்களை இழந்தவர்களைக் காட்டிலும், இடைத்தரகரிடம் சிக்கிக்கொண்டவர்களையே நான் மிகுதியாகச் சந்தித்திருக்கிறேன். நடப்பது இதுதான்: புதிய சேவையின் தலைமைக் கணக்கையும், இணைய முகவரியையும், சேமிப்பகத்தின் சாவிகளையும் ‘உங்களுக்கு எதற்குச் சிரமம்’ என்று சொல்லித் தங்கள் பெயரில் பதிவுசெய்துகொள்கிறார்கள். சேவை நிறுவனத்தின் கணக்கில் வாடிக்கையாளர் அவர்கள்தாம்; நீங்கள் அவர்களுடைய கணக்குக்குள் ஒரு பயனர் மட்டுமே. ஓராண்டில் பராமரிப்புக் கட்டணம் உயர்கிறது. மறுத்தால், ஆவணங்களைத் திருப்பித் தருவதற்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். சேவை நிறுவனத்திடம் முறையிட்டால், கணக்கின் உரிமையாளர் எழுதினால்தான் பதில் சொல்ல முடியும் என்கிறது. முதல் நாளிலேயே தலைமைக் கணக்கு உங்கள் அமைப்பின் பெயரிலும், அமைப்பின் மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும். வேலை செய்ய வருபவருக்கு, முடிவு நாள் குறித்த தற்காலிக அனுமதி மட்டும் கொடுங்கள். அனைத்தையும் ஒரு வட்டில் போட்டு அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். ஒரே தொகை, ஆயுள் முழுவதும் சேவை என்று சொன்னால், சர்வருக்கு மாதந்தோறும் யார் பணம் கட்டுவார்கள் என்று கேளுங்கள். செயற்கை நுண்ணறிவுத் தேடலை இலவசமாகச் சேர்த்துத் தருவதாகச் சொன்னால், உங்கள் ஆவணங்களின் எழுத்து எந்த மூன்றாவது நிறுவனத்தின் இயந்திரத்துக்குச் செல்லும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் நான்கு வாக்கியங்கள் போதும்: சந்தா நின்ற பின் எத்தனை நாள் பார்வைக்கு மட்டுமான அனுமதி தொடரும், ஏற்றுமதி எந்த வடிவில் கிடைக்கும், அதற்குக் கட்டணம் உண்டா, அழித்த பின் காப்புப் பிரதிகளிலிருந்தும் எப்போது அழியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது; ஒரு மேகக்கணிச் சேவையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கான கட்டணத்தை 2027 ஜனவரி 12 முதல் அது அறவே நீக்குகிறது. உங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாவிட்டாலும், அதே உரிமையை ஒப்பந்தத்தில் கேட்டுப் பெற முயலுங்கள்.

இதுவரை சொன்னவற்றுக்கு ஒரு விலக்கு உண்டு. அதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். கசிந்த மின்னஞ்சல்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தந்தவர் யார் என்று தெரிந்தால் அவருக்குத் தீங்கு நேரும் என்ற நிலையில் உள்ள ஆவணங்களை எந்தச் சந்தாச் சேவையிலும் ஏற்றாதீர்கள். ‘எங்களிடம் எல்லாம் குறியாக்கம் செய்யப்பட்டே இருக்கிறது’ என்று சேவை நிறுவனம் சொல்லும், பொய்யும் அல்ல. வட்டில் உறங்கும்போதும், இணையத்தில் பயணிக்கும்போதும் ஆவணம் குறியாக்கத்தில்தான் இருக்கும். ஆனால் ஒரு சொல்லைத் தட்டியதும் பல்லாயிரம் பக்கங்களில் அது எங்கிருக்கிறது என்று ஒரு தேடல் இயந்திரம் காட்ட வேண்டுமானால், அந்தப் பக்கங்களை அது படித்திருக்க வேண்டும். படிக்கும் இயந்திரம் நிறுவனத்தினுடையது. பூட்டைத் திறக்கும் சாவியும் அங்கேதான் இருக்கிறது. நீதிமன்ற ஆணையோ, உள்ளிருப்பவரின் துரோகமோ, ஊடுருவலோ நேர்ந்தால் ஆவணம் படிக்கத்தக்க வடிவில் வெளியே போகும். சர்வர் வேறொரு நாட்டில் இருப்பதும் காப்பாக அமையாது. 2018ஆம் ஆண்டின் அமெரிக்க கிளவுட் சட்டப்படி, அந்த நாட்டின் சட்ட எல்லைக்குள் வரும் நிறுவனம் தன் கட்டுப்பாட்டில் உள்ள தரவு உலகில் எங்கிருந்தாலும், உரிய ஆணை வந்தால் கொடுக்கக் கடமைப்பட்டது. இன்னொன்றும் இருக்கிறது. ஆவணத்தின் உள்ளடக்கத்தைவிட, அதன் பிரதியே சில வேளைகளில் ஆளைக் காட்டிக்கொடுக்கும். கோப்பின் உள்ளே பதிந்திருக்கும் பயனர் பெயர், அச்சுப்பொறி தன் அடையாளமாகத் தாளில் விட்ட நுண்புள்ளிகள், ஒருவருக்கு மட்டும் அனுப்பப்பட்ட வரைவில் மாற்றி வைத்திருந்த ஒரு சொல் ஆகியவை போதும். எழுத்தை மட்டும் பிரித்தெடுத்து ஏற்றினால் முதல் இரண்டும் விலகும், மூன்றாவது விலகாது. எனவே அத்தகைய தொகுப்பை இணையத்தில் இணைக்காத ஒரு கணினியில், டேட்டாஷேர் போன்ற மென்பொருளைக் கொண்டு அங்கேயே தேடுங்கள். வசதிக் குறைவுதான். நம்பித் தந்தவருக்காக அந்தக் குறைவை நாம் ஏற்றாக வேண்டும். பொதுப் பதிவேடுகளும் நீதிமன்ற ஆவணங்களும் தாராளமாகச் சந்தாச் சேவைக்குப் போகலாம்.

சேவை நிறுவனமே நிலைக்குமா என்பது உங்கள் அச்சத்தின் மறுபக்கம். அலெஃப்பை உருவாக்கிய, குற்றத்தையும் ஊழலையும் புலனாயும் இதழாளர்களின் ஓசிசிஆர்பி அமைப்பு அதைப் பல ஆண்டுகள் திறமூலமாகக் கொடுத்தது. பிறகு அலெஃப் ப்ரோ என்ற புதிய சேவைக்கு மாறுவதாகவும், பழைய வடிவத்துக்கான ஆதரவை 2025 இறுதியோடு நிறுத்துவதாகவும் அறிவித்தது. இதில் அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. 2025இன் தொடக்கத்தில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது, அந்த அமைப்பு தன் நிதியில் கணிசமான பகுதியை இழந்து ஆட்களைக் குறைக்க நேர்ந்தது. குற்றம் நிதி வழங்கும் முறையில் இருக்கிறது. புதிய கருவி உருவாக்க ஈராண்டு நிதி கொடுப்பார்கள். வெளியீட்டு விழாவுக்குக் கொடுப்பார்கள். அந்தக் கருவியின் பாதுகாப்புக் குறைகளை மாதந்தோறும் அடைக்கும் ஆளுக்குச் சம்பளம் கேட்டால், அது ‘புதுமை’ இல்லை என்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவார்கள். செய்தி அறைகளின் நினைவகம் முழுவதும் இப்படிப்பட்ட கருவிகளின் மேல் நிற்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. அடுத்த விண்ணப்பத்தில் சந்தாவை ‘மென்பொருள் செலவு’ என்று ஓரத்தில் எழுதாமல், அலுவலக வாடகைக்கு அடுத்த வரியில் நிரந்தரச் செலவாக எழுதுங்கள். மறுத்தால் காரணம் கேளுங்கள். சேவை நிறுவனத்திடமும், வருமானத்தில் சந்தா எவ்வளவு, நன்கொடை எவ்வளவு என்று தயங்காமல் கேளுங்கள். ஒரே கொடையாளரை நம்பியிருப்பவர்கள் என்றால், ஏற்றுமதியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துவிடுங்கள்.

மாறும்போது எல்லாத் தொகுப்புகளையும் ஒரே வாரத்தில் கொண்டுபோகாதீர்கள். பயன்பாடு குறைந்த பொதுப் பதிவேட்டில் தொடங்குங்கள். ஒவ்வொரு தொகுப்பும் போய்ச் சேர்ந்ததும், மிகக் குறைந்த அனுமதியுள்ள பயனரின் கணக்கில் நுழைந்து, அவர் பார்க்கக் கூடாதது எதுவும் கண்ணில் படுகிறதா என்று தேடுங்கள். அனுமதிகள் பெரும்பாலும் மாற்றத்தின்போதுதான் குலைகின்றன. பழைய சர்வரை இணையத்திலிருந்து துண்டித்து, அணைக்காமல் வைத்திருங்கள். புதிய இடத்திலிருந்து ஒரு முழு ஏற்றுமதியை எடுத்து, அது வேறொரு கணினியில் திறந்து, ஷா-256 பட்டியலோடும் ஒத்துப்போன பிறகு பழைய சர்வரின் வட்டுகளை அழிக்கலாம். அதற்கு முன் அந்த வட்டுகளை எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள், மாற்றித் தர வந்த நிறுவனமே கேட்டாலும்.