குட்டிக்கு இரத்தமாய்ப் போனால் முதலில் பல்முரசைப் பாருங்கள்

கோண்டாவிலில் இருந்து ஒரு பிள்ளை எழுதியிருக்கிறா. கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன். ஐந்து மாதக் கலப்புக் குட்டி, பெயர் டைகர், ஐந்து கிலோ இருப்பான். சனிக்கிழமை பின்னேரம் சோற்றைத் தொடவில்லை. இரவு மூன்று தரம் சத்தி எடுத்தான், முதலில் சோறு, பிறகு மஞ்சள் நுரை. ஞாயிறு விடிய வயிற்றோட்டம், மத்தியானத்துக்குள் அது இரத்தமாக மாறி, வீட்டுக்குள் நிற்க முடியாத நாற்றம். அம்மம்மா கொத்தமல்லி அவித்த தண்ணியைப் பருக்கினா, அண்ணா பாமசியில் வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசை வாங்கிப் பாதி கொடுத்தார். திங்கள் போயா விடுமுறை. செவ்வாய் காலை குட்டி எழும்பவில்லை, சாக்கில் கிடத்தி ஓட்டோவில் கொண்டு ஓடினார்கள். பார்வோ என்கிற வைரசு நோய் என்று சொல்லி நான்கு நாள் சேலைன் ஏற்றினார்கள். நேற்றுத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறான். இனி அவவின் கேள்விகள்: "டொக்டர், மூன்றாம் மாதம் ஊசி போட்டோமே, பிறகு எப்படி வந்தது? அந்த இரண்டு நாளும் நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? இப்ப என்ன சாப்பாடு கொடுக்கிறது? அடுத்த மாதம் சித்தி தன்ர மூன்று மாதக் குட்டியோடு வந்து நிற்கப் போறா, பயமில்லையா?"

ஊசிக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். நீங்கள் போட்டது அரசாங்கம் இலவசமாகப் போடுகிற விசர்நாய்த் தடுப்பூசி. அது விசர் நோயை மட்டுந்தான் தடுக்கும். பார்வோவுக்கு வேறு ஊசி, டிஸ்டெம்பர் முதலான நோய்களுக்கும் சேர்த்து ஒரே குப்பியில் வரும், அதைக் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். "ஊசி போட்டாச்சு" என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிற வீடுகளை நான் கிழமைக்கு ஒன்றாவது காண்கிறேன், ஆகவே நீங்கள் மட்டும் ஏமாந்ததாக நினைக்க வேண்டாம். கார்டை எடுத்து எந்த நோயின் பெயர் எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள், அவ்வளவுதான்.

இனி அந்த இரண்டு நாளுக்கு வருவோம்.

பார்வோ 1978 இல்தான் உலகத்துக்கே புதிதாக வந்த நோய், இரண்டு வருடத்துக்குள் கண்டங்களையெல்லாம் சுற்றிவிட்டது. அந்த வைரசுக்கு வேகமாகப் பெருகுகிற கலங்கள்தான் வேண்டும். குடலின் உட்தோலும் எலும்பு மச்சையும் அப்படிப்பட்டவை. குடலின் உட்தோல் உரிந்து போக, அதனூடாகத் தண்ணியும் உப்பும் இரத்தமும் வெளியே வடிகின்றன, குடலில் இருந்த பக்டீரியா இரத்தத்துக்குள் போகிறது. அதைத் தடுக்க வேண்டிய வெள்ளைக் கலங்களை மச்சையும் செய்து கொடுப்பதில்லை. வைரசைக் கொல்லும் மருந்து கையில் இல்லை. அப்ப சேலைன் எதற்கு என்றால், குடல் தன்னைத் தானே திருத்திக்கொள்ள நாலைந்து நாள் வேண்டும், அந்த நாலைந்து நாளும் குட்டி உயிரோடு இருக்க வேண்டும், அதற்குத்தான். சிகிச்சை இல்லாமல் விட்டால் பத்தில் ஒன்பது குட்டி சாகும். நேரத்துக்குச் சேலைனும் அன்டிபயோட்டிக்கும் சத்திக்கான ஊசியும் கிடைத்தால் பத்தில் எட்டு, ஒன்பது பிழைக்கும். இதே வைரசு, இதே ஊர், வித்தியாசம் தண்ணி ஒன்றுதான்.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது, நிலத்தில் கிடப்பதைப் பார்த்துப் பதறாமல் நாயைப் பாருங்கள். போனில் பேசுகிறவர்கள் அரைமணித்தியாலம் மலத்தின் நிறத்தைத்தான் சொல்வார்கள், முரசு என்ன நிறம் என்று கேட்டால் பதில் வராது. மேல் உதட்டைத் தூக்கி, பல்லுக்கு மேலே இருக்கிற முரசைத் தொட்டுப் பாருங்கள். வழுவழுப்பாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெள்ளையாகி இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். விரலில் ஒட்டுகிற மாதிரிக் காய்ந்திருந்தால், வெளிறியிருந்தால், நிறம் திரும்ப மூன்று விநாடிக்கு மேல் எடுத்தால், அங்கே நின்று யோசிக்க வேண்டாம், ஓட்டோவைக் கூப்பிடுங்கள். எங்கள் ஊர் நாய்கள் பாதிக்கு முரசு கறுப்பு, அப்படியென்றால் கீழ் இமையை இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். தோள்பட்டைத் தோலை நுள்ளி விட்டுப் பார்க்கிற வழக்கமும் உண்டு, நல்லதுதான், ஆனால் கொழுத்த குட்டியிலும் மெலிந்த கிழட்டு நாயிலும் அது பொய் சொல்லும்.

காய்ச்சல் விசயத்தில் ஒரு தந்திரம் இருக்கிறது. நாயின் சாதாரண உடல் வெப்பம் 38 இலிருந்து 39.2 பாகை செல்சியசு வரை, எங்களுக்குக் காய்ச்சல் என்கிற அளவு அவற்றுக்குச் சுகம். பார்வோ குட்டிக்கு முதல் நாள் 40 காட்டும், அடுத்த நாள் 37 காட்டும். "காய்ச்சல் விட்டுட்டுது டொக்டர்" என்று சந்தோசமாகச் சொல்வார்கள். உடல் தோற்றுக் குளிர்ந்துகொண்டு போகிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். காதைத் தொட்டுக் குளிர்ந்தால் நிம்மதி அடைய வேண்டாம்.

கணக்காகவும் சொல்கிறேன். டைகர் ஐந்து கிலோ. அவன் உடம்பில் நூற்றுக்கு எட்டு வீதம் தண்ணி குறைந்தால் 400 மில்லிலீற்றர், ஒரு சின்னச் சோடாப் போத்தல் அளவு. நாள் செலவுக்கு அதற்கு மேல் இன்னும் 250, 300 வேண்டும், போகப் போக வடிகிறது வேறு. இதை வாயால் ஊற்றி ஈடுசெய்ய முடியாது, ஏனென்றால் ஊற்றுவதெல்லாம் திரும்பி வெளியே வருகிறது. உங்கள் அம்மம்மாவின் கொத்தமல்லியில் நஞ்சு ஒன்றும் இல்லை. ஆனால் சத்தி எடுக்கிற, துவண்டு கிடக்கிற குட்டியின் வாயைப் பிளந்து பருக்கினால் அது சுவாசப்பைக்குள் போகும், பிறகு நாங்கள் குடலோடு நியூமோனியாவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அண்ணாவின் குளிசை அதைவிடப் பிழை. வயிற்றோட்டத்தை அடைத்தால் கிருமியும் நஞ்சும் உள்ளேயே தங்கும். பனடோல், புரூபன், டைக்ளோஃபெனாக் போன்ற மனிதரின் நோவு மருந்துகளை நாய்க்குக் கொடுக்கவே வேண்டாம், முதலாவது ஈரலுக்கு, மற்றவை இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும்.

அப்ப ஞாயிறும் போயாவும் வந்தால் என்ன செய்வது? நாய் விழித்திருக்கிறது, தானாக நக்கிக் குடிக்கிறது என்றால் ஜீவனியை, அதுதான் வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புச் சீனித் தூளை, பக்கற்றில் போட்டிருக்கிற அளவுத் தண்ணியில் கரைத்து, ஐந்து கிலோக் குட்டிக்கு இரண்டு தேக்கரண்டி, இருபது நிமிசத்துக்கு ஒரு தடவை. ஒரு மணித்தியாலம் சத்தி இல்லாமல் நின்றால் கொஞ்சம் கூட்டலாம். கோப்பை நிறைய வைத்தால் ஒரே மூச்சில் குடித்து ஒரே மூச்சில் கக்கும். சின்னக் குட்டிக்கு இரத்தத்தில் சீனியும் இறங்கிவிடும், துவண்டால் முரசில் கொஞ்சம் தேனோ குளுக்கோசோ பூசிவிடுங்கள், விழுங்க வேண்டிய அவசியம் இல்லை. இது வைத்தியரிடம் போய்ச் சேரும் வரைக்குமான வேலை, வைத்தியத்துக்குப் பதிலான வேலை அல்ல. அரச கால்நடை வைத்தியர் அலுவலகம் விடுமுறை நாளில் பூட்டித்தான் இருக்கும், அதை வைத்து அவர்களைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. இரவில் போன் எடுக்கிற, நாயை வைத்துச் சேலைன் ஏற்றுகிற வைத்தியர் யார் என்பதை நாய் வாலாட்டிக்கொண்டு ஓடித் திரிகிற இன்றைக்கே விசாரித்து, இரண்டு நம்பரைக் குசினிக் கதவில் ஒட்டுங்கள். பேராதனைக்கே கொண்டுபோகலாமா என்று சிலர் கேட்பதுண்டு, கால்நடை மருத்துவ பீடம் அங்கே இருக்கிறபடியால். ஏ9 வீதியால் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். தண்ணி வற்றிய குட்டியை அப்படியே ஏற்றிக்கொண்டு போனால் வழியிலேயே முடிந்துவிடும், போகிறதானாலும் இங்கே நாளத்தில் ஊசி போட்டுச் சேலைன் தொடங்கிய பிறகுதான்.

இரத்தமாய்ப் போவதெல்லாம் பார்வோ என்றும் நினைத்துவிடாதீர்கள். கொளுக்கிப் புழு நிறைந்த குட்டிக்கும் கறுப்பாய், தார் மாதிரிப் போகும், முரசு கடதாசி மாதிரி வெளிறும். ஊசி எல்லாம் போட்ட பொமேரியன் மாதிரிச் சின்ன சாதிகளுக்குத் திடீரென்று ஜாம் போல இரத்தம் போகும், பார்க்கப் பயங்கரம், ஆனால் நேரத்துக்குச் சேலைன் ஏற்றினால் இரண்டு மூன்று நாளில் எழும்பிவிடும். கலியாண வீட்டு ஆட்டிறைச்சிக் கொழுப்பைத் தின்றுவிட்டு முன்காலை நிலத்தில் நீட்டி, பின்பக்கத்தை உயர்த்திக்கொண்டு முனகுகிற நாய்க்குப் பெரும்பாலும் கணையம் வீங்கியிருக்கும். அல்சேசன் மாதிரிப் பெரிய நாய் சத்திக்கு ஓங்காளித்தும் ஒன்றும் வராமல், வயிறு மேளம் போல உப்பினால், இரைப்பை முறுக்கியிருக்கிறது. அதற்கு நாள் கணக்கு இல்லை, மணிக் கணக்குத்தான், நடுச்சாமம் என்றாலும் யாரையாவது எழுப்புங்கள். தோட்டப் பக்கத்து நாய் வாயால் வீணி வடித்து உடம்பு துடித்தால் பூச்சிமருந்து. உப்புத் தண்ணி கொடுத்துச் சத்தி எடுப்பிக்க வேண்டாம், உப்பே அதைக் கொல்லும், மருந்துப் போத்தல் கிடைத்தால் அதையும் கையோடு கொண்டு வாருங்கள்.

மாங்கொட்டை குடலை அடைத்தாலும் சத்தி வரும், அதைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடச் சொல்ல விடுங்கள், அது என் சொந்தக் கணக்கு. தொழிலுக்கு வந்த புதிதில், மாம்பழக் காலம், ஒரு நாயைச் சத்தி என்று கொண்டு வந்தார்கள். கொஞ்சமாக மலம் போகிறது என்றார்கள், ஆகவே அடைப்பு இல்லை என்று நானே முடிவுகட்டி மூன்று நாள் சத்தியை நிறுத்தும் ஊசி போட்டேன். சத்தி நின்றது, நாய் நிற்கவில்லை. திறந்து பார்த்தபோது கறுத்தக்கொழும்பான் கொட்டை ஒன்று சிறுகுடலில் இறுகி, அந்த இடம் ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்திருந்தது. அன்றிரவே செத்தது. அடைப்புக்குக் கீழே ஏற்கெனவே இருந்த மலம் ஒன்றிரண்டு நாள் போய்க்கொண்டுதான் இருக்கும், அது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. எக்ஸ்ரேயிலும் மாங்கொட்டை எலும்பு மாதிரிப் பளிச்சென்று தெரியாது. ஆகவே பழக் காலத்தில் உங்கள் நாய் திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், வைத்தியர் கேட்காவிட்டாலும் "வளவில் மாமரம் நிற்குது" என்று நீங்களே சொல்லுங்கள்.

வளர்ந்த, ஊசி போட்ட நாய் ஒன்றிரண்டு தரம் சத்தி எடுத்துவிட்டு வாலாட்டிக்கொண்டு தண்ணியும் குடித்தால் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம், அதற்கும் ஓடத் தேவையில்லை. ஆனால் ஊசி முடியாத குட்டி இரண்டு தரம் சத்தி எடுத்துச் சோர்ந்து படுத்தால், இரத்தம் வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். டைகருக்குச் சனிக்கிழமை இரவே அந்த நேரம் வந்துவிட்டது. நீங்கள் கேட்டதால் மறைக்காமல் சொல்கிறேன் பிள்ளை, குற்றம் பிடிக்கச் சொல்லவில்லை.

சாப்பாடு. முன்பு ஒன்றிரண்டு நாள் பட்டினி போடச் சொல்வோம், நானே சொல்லியிருக்கிறேன், இப்ப அந்த எண்ணம் மாறிவிட்டது. குடல் திருந்துவதற்கே உள்ளே கொஞ்சம் சாப்பாடு வேண்டும். வெள்ளைச் சோற்றைக் குழைய அவித்து, தோல் நீக்கி அவித்த கோழியைப் பிய்த்து, இரண்டு பங்கு சோற்றுக்கு ஒரு பங்கு கோழி. உப்பு, தூள், வெங்காயம், உள்ளி ஒன்றும் வேண்டாம், சொதி ஊற்றவே வேண்டாம். நாளுக்கு ஐந்து தரம், ஒவ்வொரு தரமும் அவன் கேட்பதைவிடக் குறைவாக. பாலும் கொடுக்க வேண்டாம், உட்தோல் உரிந்த குடலால் பாலின் சீனியைச் செரிக்க முடியாது, வயிற்றோட்டம் திரும்ப வரும். ஒரு கிழமை இப்படிப் போக, பழைய சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலவுங்கள். குடற்புழு மருந்து எப்ப என்று அவனைப் பார்த்த வைத்தியரிடமே கேளுங்கள், மெலிந்திருக்கிற இந்தக் கிழமை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கடைசியாகச் சித்தி. சித்தி வரட்டும், குட்டி வர வேண்டாம். மூன்று மாதக் குட்டிக்கு ஊசி முடிந்திருக்காது. ஆறு, எட்டுக் கிழமையில் தொடங்கி மூன்று நான்கு கிழமைக்கு ஒன்றாகப் போட்டு, கடைசி ஊசி பதினாறு கிழமைக்குப் பிறகு விழ வேண்டும், ஏனென்றால் தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி அதுவரைக்கும் ஊசியை வேலை செய்ய விடாமல் தடுக்கக்கூடும். டைகர் குணமாகிவிட்டாலும் இன்னும் இரண்டு கிழமையாவது மலத்தில் வைரசு போகும், நிழல் விழுகிற மண்ணில் அது மாதக் கணக்கில் கிடக்கும். டெற்றோலும் சவர்க்காரமும் அதை ஒன்றும் செய்யாது. சீமெந்து நிலத்தை முதலில் நன்றாகக் கழுவி, துணி வெளுக்கிற குளோரின் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணி முப்பது பங்கு கலந்து ஊற்றிப் பத்து நிமிசம் விடுங்கள். அவன் படுத்த சாக்கையும் பழைய சாரத்தையும் எரித்துவிடலாம். வளவு மண்ணில் குளோரின் ஊற்றிப் பிரயோசனம் இல்லை, மண்ணே அதைத் தின்றுவிடும், கிணற்றடிக்குக் கிட்ட ஊற்றவே வேண்டாம். மலத்தை அள்ளிப் புதைத்து, அந்தப் பக்கத்து மரக்கொப்புகளைத் தறித்து வெயில் விழவிடுங்கள். மனிதருக்கு இந்த வைரசு தொற்றாது, சித்தியின் பிள்ளைகள் டைகரைத் தூக்கலாம், ஆனால் தங்கள் குட்டியைத் தொட முதல் கையைக் கழுவி, செருப்பை உங்கள் படலையடியிலேயே விட்டுவிட்டுப் போகட்டும்.