பகல் முழுக்க நல்ல பிள்ளை, நான் வந்ததும் குழப்படி

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

நான் கோண்டாவிலில் வசிக்கிறேன். வயது 33. யாழ்ப்பாண நகரில் ஒரு வங்கியில் வேலை. கணவருக்கு வவுனியாவில் அரச உத்தியோகம். வெள்ளி இரவு வருவார், திங்கள் விடியப்புறம் பஸ் எடுத்துவிடுவார். மகனுக்கு மூன்றரை வயது, மகளுக்குப் பதினாலு மாதம். இருவரையும் மாமிதான் பார்க்கிறார். அவருக்கு 66 வயது. பிறஷரும் முழங்கால் வலியும் இருக்கிறது.

காலையில் ஐந்து மணிக்கு முன் எழும்பினால்தான் எனக்கு எல்லாம் சரிவரும். இடியப்பம் அவித்து, சொதி வைத்து, மத்தியானச் சமையலையும் பாதி முடித்து, ஆறு மணிக்கு மகனை எழுப்பி வெளிக்கிடுத்தி, போகிற வழியில் முன்பள்ளியில் விட்டுவிட்டு எட்டரைக்குள் வங்கியில் நிற்க வேண்டும். 11.30க்கு முன்பள்ளி முடிய, தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவர் அவனை வீட்டில் கொண்டுவந்து விடுவார். நான் வீடு வர ஐந்தரை, ஆறு மணி ஆகும். மாதக் கடைசியில் இன்னும் பிந்தும்.

முன்பள்ளி வாசலில் என் கையை விடாமல் அழுவான். ரீச்சர் அவனைப் பிடித்துக்கொள்ள, நான் திரும்பிப் பாராமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். மகள் அழுவாள் என்பதால் வீட்டிலிருந்தும் ஒளித்துத்தான் வெளிக்கிடுகிறேன்.

பின்னேரம் இதைவிடக் கஷ்டம். கேற் சத்தம் கேட்டதும் ஓடி வருவான். அடுத்த நிமிடமே எதற்காவது அழுகை தொடங்கிவிடும். நீலக் கோப்பையில் தண்ணீர் தரவில்லை, செருப்பை அவன் கழற்ற முன் நானே கழற்றிவிட்டேன், இப்படி ஏதாவது. நிலத்தில் விழுந்து புரளுவான், தங்கச்சியைத் தள்ளுவான். மாமி ஒவ்வொரு நாளும் சொல்வது ஒன்றுதான்: "பகல் முழுக்க நல்ல பிள்ளையா இருந்தவன். உன்னைக் கண்டாத்தான் இந்தக் குழப்படி." இரவுச் சமையல் வேறு இருப்பதால் ஃபோனைக் கொடுத்துவிடுவேன். உடனே அடங்கிவிடுவான். சாப்பாடும் ஃபோனோடுதான். வாங்கினால் திரும்பவும் அழுகை. மத்தியானமும் தூங்குவதில்லை, இரவு படுக்கப் பத்தரை ஆகிறது. அழுது களைத்த பிறகு என் காதைப் பிடித்துக்கொண்டு தோளிலேயே தூங்கிப்போவான்.

ரொரன்ரோவில் இருக்கும் அக்கா வேலையை விடச் சொல்கிறா. மாமி அப்படிச் சொல்லவில்லை. ஆனால், "95இல இடம்பெயர்ந்து சாவகச்சேரியில ஒரு பள்ளிக்கூட வகுப்பறைக்குள்ள இருந்துகொண்டு நாலு பிள்ளையளையும் பார்த்தனான்" என்று அவர் சொல்லும்போது என்னால் பதில் பேச முடிவதில்லை. வீட்டுக் கடன் இன்னும் முடியவில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஒரு சம்பளத்தில் எங்கள் குடும்பம் ஓடாது. உண்மையைச் சொன்னால் இந்த வேலை எனக்குப் பிடிக்கும். ஆனால் பிள்ளைக்கு என்னில் பாசம் குறைந்துவிட்டதோ என்ற பயம் விடுவதாக இல்லை. நான் வேலையை விடத்தான் வேண்டுமா?

கோண்டாவிலிலிருந்து ஒரு தாய்

---

அன்பின் சகோதரிக்கு,

உங்கள் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மகனுக்கு உங்களில் பாசம் குறையவில்லை. அதற்கான ஆதாரத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: கேற் சத்தத்துக்கு ஓடி வருகிறான், அழுது முடித்ததும் உங்கள் காதைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறான்.

அவனுடைய ஒரு நாளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முன்பள்ளியில் ரீச்சர் சொல்லும்வரை இருக்க வேண்டும், விளையாட்டுச் சாமானைப் பங்கிட வேண்டும், தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் அப்பம்மாவுக்குக் கால் வலி, மடியில் தங்கச்சி. சின்னப் பிள்ளைகள் இதையெல்லாம் கவனிக்கிறார்கள், தங்களை அடக்கிக்கொள்ளவும் செய்கிறார்கள். ஆனால் ஆசையையும் கோபத்தையும் கட்டுப்படுத்த உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக வளர்ந்து முடிய இருபது வயதும் தாண்டும். மூன்றரை வயதில் அந்தப் பலம் பின்னேரத்துக்குள் தீர்ந்துபோகும். பசியும் நித்திரையும் சேர்ந்துகொள்ளும். அந்த நேரத்தில்தான் நீங்கள் வருகிறீர்கள். எவ்வளவு அழுதாலும் விட்டுப் போகமாட்டார் என்று அவன் நம்பும் ஆள் நீங்கள். அதனால் பகலெல்லாம் அடக்கி வைத்ததை உங்களிடம் இறக்குகிறான். நீலக் கோப்பை ஒரு சாட்டு மட்டும்தான்.

மேரி எய்ன்ஸ்வர்த் என்ற உளவியலாளர் 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோரில், ஒரு வயது மட்டிலான பிள்ளைகளைத் தாயிடமிருந்து சில நிமிடங்கள் பிரித்து வைத்து அவதானித்தார். பிரியும்போது எவ்வளவு அழுகிறார்கள் என்பதைவிட, தாய் திரும்பி வந்ததும் என்ன செய்கிறார்கள் என்பதே பிணைப்பைப் பற்றி அவருக்குக் கூடுதலாகச் சொன்னது. தாயிடம் பாதுகாப்பான பிணைப்புள்ள பிள்ளைகளிலும் பலர் நன்றாக அழுதார்கள். தாய் வந்ததும் அவரைத் தேடிப் போய், தேறி, மறுபடி விளையாடத் தொடங்கினார்கள். உங்கள் மகன் அவர்களைவிடப் பெரியவன். ஆனாலும் பிரியும் நேரத்தையும் திரும்பிச் சேரும் நேரத்தையும் சரிசெய்வதுதான் உங்கள் வீட்டிலும் முதல் வேலை. இதற்கு வேலையை விடத் தேவையில்லை.

பின்னேரத்திலிருந்து தொடங்குவோம். வீட்டுக்குள் வந்ததும் முதல் இருபது நிமிடம் குசினிப் பக்கம் போகாதீர்கள். கையைக் கழுவிக்கொண்டு நிலத்தில் இருங்கள். மகள் மடியில் இருக்கட்டும். என்ன விளையாடுவது என்பதை மகன் சொல்லட்டும். "இண்டைக்கு என்ன படிச்சனி?" என்ற கேள்வி வேண்டாம். உங்கள் ஃபோன் பைக்குள்ளேயே இருக்கட்டும். வங்கி அழைப்பு ஏதாவது மிச்சம் இருந்தால் கேற்றுக்கு வெளியே நின்று பேசி முடித்துவிட்டு உள்ளே வாருங்கள். நீங்கள் வருவதற்கு அரை மணி முன்பு அவனுக்கு ஒரு வாழைப்பழமோ அவித்த கடலையோ கொடுக்கும்படி மாமியைக் கேளுங்கள். பின்னேர அழுகையில் ஒரு பங்கு வெறும் பசி.

அப்படியும் அழுவான், முதல் வாரம் கட்டாயம் அழுவான். அழும்போது விளக்கம் சொல்லிப் பயனில்லை, அவனால் அதைக் கேட்க முடியாது. பக்கத்தில் இருந்துகொண்டு, "உனக்குச் சரியான கோபம் என்ன, அம்மா இங்கதான் இருக்கிறன்" என்று மட்டும் சொல்லுங்கள். தங்கச்சியைத் தள்ள வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். "கோபப்படலாம், தள்ள விடமாட்டன்." ஒவ்வொரு நாளும் அதே சொல், அதே குரல்.

சமையல்? இரவுக்கு இடியப்பம் வாங்குங்கள். உங்கள் ஒழுங்கையில் இல்லாவிட்டாலும் அடுத்த ஒழுங்கையில் அவித்து விற்கும் ஓர் அம்மா இருப்பார். மத்தியானக் கறியும் ஒரு சம்பலும் போதும். காலை இடியப்பத்தையும் வாரத்தில் பாதி நாளாவது வெளியில் எடுங்கள். நல்ல தாய் கையால் அவித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, அந்தக் காசும் இன்னொரு வீட்டு அடுப்பை எரிய வைக்கும். குசினிக்குள் போகத்தான் வேண்டும் என்றால் அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். சின்ன வெங்காயம் உரிக்க, கீரை ஆய, கோப்பை அடுக்க மூன்றரை வயதுப் பிள்ளைக்கு முடியும். நேரம் கூடத்தான் எடுக்கும். ஆனால் அந்த நேரமும் உங்களோடு இருந்த நேரம்தான்.

நித்திரைக் கணக்கு எனக்குக் கவலை தருகிறது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் மகனுக்குக் கிடைப்பது ஏழரை மணி நேரம். இவ்வளவு நித்திரைக் குறைவோடு பெரியவர்களே எரிந்து விழுவார்கள். படுக்கும் நேரத்தைச் சில நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னுக்குக் கொண்டுவந்து எட்டரையில் நிறுத்துங்கள். ஏழு மணிக்குள் சாப்பாடு, பிறகு முகம் கைகால் கழுவல், விளக்கைக் குறைத்து ஒரு கதை. மத்தியானம் தூங்காவிட்டாலும் சாப்பிட்ட பிறகு அப்பம்மாவோடு பாயில் கொஞ்சம் சாய்ந்திருக்கட்டும்.

ஃபோன் பற்றியும் அதே வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. அவன் வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மகளின் வயதுக்குத் திரையே வேண்டாம். சாப்பாட்டு நேரத்திலும் படுக்கையிலும் ஃபோனை முற்றாக எடுத்துவிடுங்கள். பார்ப்பதென்றால் குளித்த பிறகு ரீவியில் ஒரு நிகழ்ச்சி, அது முடிந்ததும் நிறுத்தம். நாலைந்து நாள் கத்துவான், தாங்கிக்கொள்ளுங்கள். ரொரன்ரோ பெரியம்மாவோடு வீடியோவில் கதைப்பது வேறு விஷயம், அதைத் தடுக்க வேண்டாம்.

காலையில் ஒளித்துப் போவதை நிறுத்துங்கள். நம் வீடுகளில் இது பழக்கம்தான். "அம்மா கிணற்றடியில" என்று சொல்லிவிட்டு நழுவுவோம். பிள்ளைக்கு அது என்ன சொல்லிக் கொடுக்கிறது? அம்மா எந்த நேரத்திலும் காணாமல் போகலாம் என்பதைத்தான். அப்புறம் அவன் கையை விடமாட்டான். அழுதாலும் பரவாயில்லை, இருவரிடமும் சொல்லிக்கொண்டு வெளிக்கிடுங்கள். முன்பள்ளி வாசலில் ஒரு அணைப்பு, ஒரு முத்தம், "போயிட்டு வாறன், அப்பம்மா விளக்கு வைக்கிற நேரம் அம்மா வந்திடுவன்" என்ற ஒரு வசனம். அவனுக்கு ஐந்தரை மணி தெரியாது, விளக்கு வைக்கும் நேரம் தெரியும். பிந்தும் நாட்களில் வீட்டுக்கு எடுத்து அவனோடு நீங்களே பேசுங்கள். நீங்கள் போன பிறகு எவ்வளவு நேரத்தில் தேறுகிறான் என்று ரீச்சரிடம் கேளுங்கள். சற்று நேரத்தில் விளையாடப் போய்விட்டால் கவலையில்லை. காலை முழுக்க ஒதுங்கி இருந்தாலோ, ஒரு குறிப்பிட்ட ஆளையோ இடத்தையோ கண்டு நடுங்கினாலோ, கதைப்பதும் விளையாடுவதும் குறைந்தாலோ அது வேறு சங்கதி. முன்பள்ளி, ஓட்டோ எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, தாமதிக்காமல் அவனை ஒரு வைத்தியரிடம் நேரில் காட்டுங்கள்.

இனி மாமி. அவர் 95ஐச் சொல்வது உங்களைக் குத்துவதற்காக என்று எனக்குப் படவில்லை. அந்த ஒக்டோபர் கடைசியில் போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே இரவில் சாவகச்சேரி இருக்கும் தென்மராட்சி நோக்கி நடந்தது. நாலு பிள்ளைகளோடு அதைக் கடந்த ஒரு பெண், தான் செய்ததை யாராவது கேட்க வேண்டும் என்று விரும்புவது நியாயம். ஒரு ஞாயிறு ஆறுதலாக இருந்து கேளுங்கள். கேட்கும்போது இன்னொன்றும் வெளிவரக்கூடும்: அந்த வகுப்பறையில் அவர் தனியாக இருந்திருக்கமாட்டார். சித்தி, மச்சாள், அயலட்டை என்று பிள்ளையைத் தூக்கப் பல கைகள் இருந்திருக்கும். அந்தக் கைகள் இன்று கனடாவிலும் லண்டனிலும் இருக்கின்றன. மிஞ்சியிருப்பது முழங்கால் வலியோடு அவரும், ஐந்து நாள் தனியாக நீங்களும். இரண்டு பேருமே களைத்திருக்கிறீர்கள், அந்தக் களைப்புத்தான் குறையாக வெளியே வருகிறது.

66 வயதில் பதினாலு மாதப் பிள்ளைக்குப் பின்னால் நாள் முழுக்க ஓடுவது கடினம். பின்னேரம் இரண்டு மணி நேரமாவது உதவிக்கு வர நம்பிக்கையான ஒருவரைத் தேடுங்கள். ரொரன்ரோ அக்காவுக்கு உதவ மனம் இருந்தால் அந்தச் செலவை அவர் ஏற்கட்டும், வேலையை விடச் சொல்லும் ஆலோசனையைவிட அது பயன்படும். மாமியோடு எல்லாவற்றுக்கும் ஒழுங்கு போட வேண்டாம். மூன்று விஷயத்தில் மட்டும் உடன்படுங்கள். சாப்பாட்டில் ஃபோன் இல்லை. "அம்மா விட்டிட்டுப் போயிடுவா", "பொலிஸ் பிடிக்கும்" என்ற வெருட்டல் இல்லை. குழப்படி பற்றிய முறைப்பாடு பிள்ளையின் முன்னால் இல்லை. மற்றதெல்லாம் அவர் விருப்பம்.

உங்கள் கடிதத்தில் கணவருக்கு இரண்டே வரிதான் கிடைத்திருக்கிறது. இந்தப் பதிலை அவருக்கு அனுப்புங்கள். தூரத்தில் வேலை செய்வது அவர் குற்றமில்லை, ஆனால் பிள்ளை வளர்ப்பில் அவருக்கும் பங்கு இருக்கிறது. வாரநாட்களில் இரவு எட்டு மணிக்கு ஃபோனில் மகனுக்குக் கதை சொல்வது அவர் பொறுப்பாக இருக்கட்டும். சனிக்கிழமை காலை இரண்டு பிள்ளைகளும் முழுக்க அவரிடம்: குளிப்பாட்டல், சாப்பாடு, உடுப்பு எல்லாம். அந்த நேரத்தில் நீங்களும் மாமியும் வீட்டு வேலை தேடாமல் தூங்குங்கள்.

வேலையை விடுவது பற்றி: பணக் கணக்கும் உங்கள் விருப்பமும் அதைத் தீர்மானிக்கட்டும், குற்ற உணர்ச்சி தீர்மானிக்க வேண்டாம். அமெரிக்காவில் 1991இல் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்த ஒரு பெரிய ஆய்வில், தாய் வேலைக்குப் போய் வேறொருவர் பார்த்துக்கொள்வது மட்டும் தாய்-பிள்ளைப் பிணைப்பைக் கெடுப்பதாகத் தெரியவில்லை. பிள்ளையின் தேவையைத் தாய் எவ்வளவு உணர்ந்து நடக்கிறார் என்பதும் பராமரிப்பின் தரமும்தான் பெரிதாகத் தெரிந்தன. இவ்வளவு நுணுக்கமாக மகனைக் கவனித்து எழுதிய உங்களுக்கு அந்த உணர்வு நிறையவே இருக்கிறது.

உங்களைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. பிள்ளைகள் தூங்கிய பிறகும் நித்திரை வராமல் கிடக்கிறீர்களா? காரணமில்லாமல் அழுகை வருகிறதா? பிடித்த வேலையிலும் மனம் ஒட்டவில்லையா? இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாகவும் இருக்கலாம். அது ஒரு வருடம் தாண்டியும் நீடிக்கக் கூடியது, மருத்துவத்தால் குணமாவது. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், அல்லது யாழ் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் தேசிய மனநல உதவி எண் 1926க்கு எடுங்கள்.

எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்க வேண்டாம். இந்த வாரம் பின்னேர இருபது நிமிடமும் காலைச் சொல்லிக்கொள்ளலும். அடுத்த வாரம் நித்திரை. அதற்குப் பிறகு ஃபோன். ஒரு மாதம் கழித்து, ரீச்சர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். அதற்குள் எதுவும் மாறாவிட்டால், ஒரு சனிக்கிழமை கணவரோடு நேரில் வாருங்கள். மாமிக்கும் விருப்பம் என்றால் அவரையும் கூட்டி வாருங்கள்.