வேளாங்கண்ணி, லூர்து போன்ற இடங்களில் புதுமை நடப்பதை நம்புகிறீர்களா?

கேள்விக்குக் கீழே சின்னதாக ஒரு குறிப்பும் இருக்கிறது: "கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர்கள் மனசாட்சியோடு பதில் சொல்லவும்." சரி, நான் அப்படிப் பிறந்தவன்தான். திருச்சி பொன்மலை. என் வகுப்பில் மூன்று ஆரோக்கியராஜ், ஒரு லூர்துசாமி. எங்கள் பக்கத்தில் பெயரைக் கேட்டாலே எந்தக் கோயிலில் நேர்ந்து பெற்ற பிள்ளை என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

மனசாட்சியோடு சொன்னால், புதுமையை, அதாவது தெய்வ அற்புதத்தை, நான் நம்புவதில்லை. ஆனால் 2024 செப்டம்பரில், 46 வயதில், வேளாங்கண்ணியில் மொட்டை போட்டுக்கொண்டு வந்தேன்.

1984-ல் எனக்கு டைபாய்டு. ஆறு வயது. பதினைந்து நாள் ஆஸ்பத்திரிப் படுக்கை. காய்ச்சல் இறங்குவேனா என்றிருந்த ஒரு ராத்திரியில் அம்மா, "ஆரோக்கிய மாதாவே, பிள்ளையக் குடுத்துரு, ஒங் கோயிலுக்கு வந்து முடி எறக்குறேன்" என்று நேர்ந்துகொண்டார். காய்ச்சல் இறங்கியது. குளோராம்ஃபெனிகால் என்ற மருந்தும் அப்போது சில நாட்களாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு எங்கள் வீட்டில் யாரும் ஒரு மெழுகுவர்த்திகூட ஏற்றவில்லை.

நேர்ச்சையும் நிறைவேறவில்லை. முதலில் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அப்புறம் தங்கச்சி பிறந்தாள். பதினைந்து வயதில் நானே முடியாது என்றுவிட்டேன், அப்போது முடிதான் எனக்கு எல்லாமே. அதிலிருந்து எனக்குத் தலைவலி வந்தால்கூட அம்மா சொல்வது ஒன்றுதான்: "நேர்ச்சை பாக்கி கெடக்கு." மாதா என்ன வட்டிக்கடையா வைத்திருக்கிறார் என்று ஒருமுறை கேட்டு முதுகில் வாங்கினேன்.

பலருக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் பக்தர்களைவிடத் திருச்சபை அதிகம் சந்தேகப்படும். 19 வயதில், எல்லாவற்றையும் எதிர்த்துக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் பங்குச் சாமியாரிடம் போய் வேளாங்கண்ணியில் மாதா தோன்றினார் என்பதை நம்பாவிட்டால் பாவமா என்று கேட்டேன். சண்டை வரும் என்று தயாராகப் போனவன் நான். அவர் பேப்பரிலிருந்து தலையைக்கூட எடுக்காமல், "இல்லையேப்பா, விசுவாசப் பிரமாணத்துல வேளாங்கண்ணி எங்க வருது?" என்றார். கத்தோலிக்கர் கட்டாயம் நம்ப வேண்டியவற்றைச் சொல்லும் செபம் அது. அவர் சொன்னதுதான் அதிகாரபூர்வமான போதனை. மரியாள் பற்றிய கோட்பாடுகள் வேறு. குறிப்பிட்ட ஓர் இடத்தில் அவர் காட்சி கொடுத்தார் என்பது தனிப்பட்ட வெளிப்பாடு என்ற கணக்கில் சேரும். அதை ஏற்காமலேயே ஒருவர் நல்ல கத்தோலிக்கராக இருக்கலாம்.

2024 மே மாதம் வத்திக்கான் வெளியிட்ட புதிய விதிமுறைகள் இதில் இன்னும் கறார். இனி ஒரு காட்சியை "இது இறைவனிடமிருந்து வந்ததுதான்" என்று பொதுவாக அறிவிக்க மாட்டார்கள். ஆறு விதமான முடிவுகள் உண்டு. அவற்றில் உயர்ந்தபட்சம் "தடையில்லை" என்பதுதான். போஸ்னியாவில் 1981 முதல் காட்சி நடப்பதாகச் சொல்லப்படும் மெஜுகோரேவுக்கு அதே ஆண்டு செப்டம்பரில் கிடைத்ததும் அந்தத் தடையில்லைதான். போகலாம், செபிக்கலாம், பலன் நன்றாக இருக்கிறது. நடந்தது என்ன என்பதில் நாங்கள் கையெழுத்துப் போடவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். ஆகஸ்டில் வேளாங்கண்ணி பற்றியும் தஞ்சை ஆயருக்கு ஒரு கடிதம் வந்தது. பக்தியைப் பாராட்டி, கிறிஸ்தவர் அல்லாதவர்களும் அங்கே ஆறுதல் தேடி வருவதைப் பரிவோடு குறிப்பிட்ட கடிதம். எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் அது "ரோமே புதுமையை ஒப்புக்கொண்டது" என்று சுற்றியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குழுவில் என் மாமியாரும் இருக்கிறார்.

வேளாங்கண்ணிக் கதைகள் மூன்று. பால் கொண்டுபோன சிறுவனிடம் குளக்கரையில் ஒரு தாய் குழந்தைக்குப் பால் கேட்டது. அதே ஊரில் நடுத்திட்டு என்ற இடத்தில் மோர் விற்ற கால் ஊனமுற்ற பையன் எழுந்து நாகப்பட்டினத்துக்கு ஓடியது. சீனக் கரையிலுள்ள மக்காவுவிலிருந்து இலங்கைக்குப் போன போர்த்துக்கீசியர்கள் புயலில் சிக்கி, மாதாவுக்கு நேர்ந்துகொண்டு செப்டம்பர் 8 அன்று கரை சேர்ந்து கோயில் கட்டியது. முதல் இரண்டும் வாய்வழிக் கதைகள், யார் பெயரும் ஆண்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்றாவதற்கு அந்த மாலுமிகள் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பீங்கான் தட்டுகள் பீடத்தைச் சுற்றிப் பதித்தபடி இருக்கின்றன.

பிரான்ஸில் இருக்கும் லூர்து அப்படி இல்லை. அங்கே ஒவ்வொன்றுக்கும் தாள் இருக்கிறது. 1858 பிப்ரவரி 11-ல் 14 வயதுச் சிறுமி பெர்னதெத் மாதாவின் முதல் காட்சியைக் கண்டதாகச் சொன்னார். பத்தே நாளில் ஊர் போலீஸ் கமிஷனர் உட்காரவைத்து விசாரித்தார். மொத்தம் பதினெட்டுக் காட்சிகள். ஆயர் விசாரணைக் குழு அமைத்து, 1862-ல்தான் ஏற்றுக்கொண்டார். 1883-லேயே அங்கே மருத்துவ அலுவலகம் வந்துவிட்டது. குணமானேன் என்று யாராவது சொன்னால் டாக்டர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். நோய் என்ன என்பது முன்பே உறுதியாகியிருக்க வேண்டும், கடுமையானதாக இருக்க வேண்டும், சட்டென்று முழுவதுமாகக் குணமாகியிருக்க வேண்டும், மருந்து காரணமாக இருக்கக் கூடாது, பல வருடம் கழித்தும் திரும்பியிருக்கக் கூடாது. ஏழாயிரத்துக்கும் மேல் வந்த முறையீடுகளில் 2025 வரை ஏற்கப்பட்டவை 72.

இந்த 72 என்ற எண்ணை இரண்டு பக்கத்தாரும் தூக்கிக்கொண்டு வருவார்கள். எழுபத்திரண்டு பேரை டாக்டர்களாலேயே விளக்க முடியவில்லை, பார்த்தீர்களா என்பார் ஒருவர். வருடத்துக்குப் பல லட்சம் பேர் போகிற இடத்தில் 160 வருடத்தில் 72தானா என்பார் இன்னொருவர். நான் இரண்டாமவர் பக்கம். பழைய பட்டியலில் காசநோய் நிறைய வரும். எக்ஸ்ரேயும் பரிசோதனையும் சரியாக இல்லாத காலத்துக் காசநோய். வெட்டிய கால் முளைத்தது பட்டியலில் இல்லை. அதைவிட என்னை உறுத்துவது பெர்னதெத்தின் கதைதான். நோய் தீர்க்கும் என்று மக்கள் நம்பும் லூர்து ஊற்றைக் கையால் தோண்டியவர் அவர். சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா. கன்னியர் மடத்தில் சேர்ந்து, 1879-ல், 35 வயதில், காசநோயில் இறந்தார்.

அதே நேரம், நம்பாதவர்கள் எல்லாம் நேர்மையானவர்கள் என்றும் நினைக்க வேண்டாம். பிரெஞ்சு நாவலாசிரியர் எமில் ஸோலா 1892-ல் லூர்துக்குப் போய், காசநோயிலிருந்து எழுந்துவிட்டதாகச் சொன்ன ஒரு பெண்ணைத் தன் கண்ணால் பார்த்தார். 1894-ல் எழுதிய நாவலில், அவரை வைத்து உருவாக்கிய பாத்திரத்துக்கு ஊர் திரும்பும் வழியிலேயே நோய் திரும்பிவிடுகிறது. நிஜப் பெண் 1920 வரை உயிரோடு இருந்தார். நாவல்தானே, எப்படி வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொல்லலாம். ஆனால் கதையில் நோயைத் திருப்பிக் கொண்டுவர வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்று யோசித்தால் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும், ஏனென்றால் அவர் என் கட்சி.

வேளாங்கண்ணியில் காணிக்கைப் பொருள்களை வைத்திருக்கும் காட்சியகத்தைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளியில் கை, கால், கண், தொட்டில், வீடு, பட்டம் வாங்கியவர்களின் படங்கள், நன்றிக் கடிதங்கள். சின்ன வயதில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். பெரியவனான பிறகு அங்கே நின்றால் வேறொன்று தோன்றும். குணமாகாதவர்கள் எங்கே? அவர்களும் இதே மணலில் முழங்காலால் நடந்துதான் போயிருப்பார்கள். அவர்கள் வைத்துவிட்டுப் போக ஒரு வெள்ளிச் சாமானும் கிடையாது. போர்த்துக்கீசியக் கப்பல்களும் அப்படித்தான். அந்தக் கடலில் மூழ்கிய கப்பல்களிலும் மாதாவைக் கூப்பிட்டிருப்பார்கள். கரை சேர்ந்த கப்பல்தான் கோயில் கட்டும்.

இது எனக்கு வெறும் தர்க்கமாக இருந்தது, 2004 டிசம்பர் 26 வரை. அன்று ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். எங்கள் தெருவிலிருந்து ஒரு குடும்பம் வேளாங்கண்ணிக்குப் போயிருந்தது. ஐந்து பேர் போனார்கள், இரண்டு பேர் திரும்பினார்கள். பூசை முடிந்து பிள்ளைகள் கடல் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்திருக்கின்றன. சுனாமியில் வேளாங்கண்ணியில் மட்டும் நூற்றுக்கணக்கானவர்கள் போனார்கள். கடைக்காரர்கள், மீனவர்கள், எங்கெங்கோ இருந்து வந்த யாத்திரிகர்கள். பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை. அது உண்மை. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள், அதுவும் உண்மை. ஆனால் ஒவ்வொரு டிசம்பரும் "கோயில் வாசலோடு நின்ற கடல், மாதாவின் புதுமை" என்று செய்தி அனுப்புகிறவர்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை. அந்த வீட்டில் மிஞ்சிய அக்கா இன்னும் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். அவர் போனுக்கும் அந்தச் செய்தி போகும்.

இன்னொரு கோபமும் உண்டு. என் சித்தப்பா மகனுக்கு இருபது வயதில் மனநோய் தொடங்கியது. யாரோ செய்வினை என்று சொல்லி, தெற்கே ஓர் அந்தோனியார் கோயிலில் நான்கு மாதம் தங்கவைத்தார்கள். அங்கே யாரும் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நிறுத்தியது வீட்டார். கோயிலையும் மாத்திரையையும் ஒன்றாக வைத்துக்கொள்வது சந்தேகப்படுவது போல ஆகிவிடுமாம், புனிதர் கோபித்துக்கொள்வாராம். இன்று அவன் ஊசியும் மருந்துமாக ஓரளவு நன்றாக இருக்கிறான். போன வருடங்கள் போனவைதான். யாராவது இதை இப்போது படித்துக்கொண்டிருந்தால்: எந்தக் கோயிலுக்கு வேண்டுமானாலும் போங்கள், மாத்திரை டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

பிறகு ஏன் மொட்டை? அம்மாவுக்கு 72 வயது. இரண்டு மூட்டும் தேய்ந்துவிட்டன. ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதிலிருந்து ராத்திரியில் தூங்குவதில்லை. காரணம் ஆபரேஷன் பயம் என்று நினைத்தேன். கேட்டால், "நாற்பது வருசக் கடன் இருக்கு. அதோட போயிட்டா மேல போய் என்ன சொல்லுவேன்?" என்றார். என் அவிசுவாசத்துக்காக ஒருவர் தூங்காமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கடன் என் தலையில்தான் இருந்தது, அவர் தலையில் இல்லை.

திருவிழாக் கூட்டம் வடிந்த பிறகு போனோம். காவி கட்டி நடந்து வந்தவர்களில் சிலர் இன்னும் நிழலில் படுத்திருந்தார்கள், உள்ளங்கால் எல்லாம் கொப்புளம். முடி எடுக்கிற இடத்தில் முன்னால் நின்றவை எல்லாம் ஒரு வயது, இரண்டு வயது. எங்கள் முறை வந்ததும் அந்த அண்ணன் கத்தியில் பிளேடை மாற்றிக்கொண்டே, "பிள்ளைக்கு எத்தன வயசும்மா?" என்றார். அம்மா கொஞ்சமும் தயங்காமல் என்னைக் காட்டி, "இவன்தாம்ப்பா. லேட்டாயிருச்சு" என்றார். அந்த அண்ணன் சிரிக்கவில்லை. "பரவால்ல, இங்க லேட்டே கெடயாது, உக்காருங்க தம்பி" என்றார்.

தண்ணீர் தெளித்துக் கத்தி வைத்தபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. உண்மையாகவே எதுவும் இல்லை, குளிர்ந்தது, அவ்வளவுதான். சந்தனம் பூசிக்கொண்டு எழுந்து பார்த்தால் அம்மா பக்கத்துத் திண்ணையில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்ப மனம் வராமல் முக்கால் மணி நேரம் அந்த வெயிலில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில், திருவாரூர் தாண்டியதும், மெதுவாகச் சொன்னார்: "ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சா, பெரிய கோயில்லேருந்து மாதா குளம் வரைக்கும் மொழங்கால் போட்டே வர்றேன்னு நேந்திருக்கேன்."

"மூட்டு மாத்துனா மொழங்கால் போடக் கூடாதும்மா. டாக்டர் திட்டுவாரு" என்றேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அப்ப நீ போடு" என்றார்.