உங்கள் கட்டை எது?

ஐயா,

நான் 44 வயதுப் பெண். வங்கி வேலை. எட்டு மாதமாகக் கர்நாடகப் பாட்டு வகுப்புக்குப் போகிறேன். இன்னும் முதல் பாடமான சரளி வரிசையிலேயே நிற்கிறேன். டீச்சருக்குச் சுருதி, அதாவது பாட்டின் ஆதார உயரம், ஐந்தரைக் கட்டை, நாங்கள் பத்துப் பேரும் அதிலேயே பாடுகிறோம். மேல் ஷட்ஜமம் (மேல் 'ஸ') வந்தால் எனக்குக் குரல் கீச்சிடுகிறது. வீட்டுக்கு வந்தால் தொண்டை வலி. செல்போனில் பதிவு செய்து கேட்டேன், எனக்கே சகிக்கவில்லை. மகள் சிரிக்கிறாள். இந்த வயதில் பயிற்சியால் குரல் இனிமையாகுமா? பனங்கற்கண்டு, மிளகுப்பால் உதவுமா? மேற்கத்திய முறைக்கு மாறிவிடலாமா?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

எதிர்வீட்டு மாடியில் ஒரு பாட்டு வகுப்பு நடக்கிறது. அங்கே வரும் பையன் ஒருவனுக்கு இந்த மாதம் மகரக்கட்டு, குரல் உடைகிற பருவம். எல்லாப் பிள்ளைகளும் மேலே போகும்போது அவன் குரல் மட்டும் பாதியில் அறுந்துபோவது என் மேசைவரை கேட்கிறது. உங்கள் கடிதம் வந்தபோது அவனைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பனங்கற்கண்டு. குடிக்கிற எதுவும் குரல்நாண்மேல் படுவதில்லை. பட்டால் புரையேறும். பால் இதமாக இருந்தால் குடியுங்கள், அவ்வளவுதான். மேற்கத்திய முறை, நல்ல ஆசிரியர் அமைந்தால் தாராளமாகப் போகலாம். ஆனால் உங்கள் சிக்கல் அங்கே இல்லை. செல்போன் விஷயம்: நம் குரல் நமக்குக் காற்று வழியாகவும் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் கேட்கிறது. எலும்பு வழி வரும் கனம் பதிவில் இருக்காது. அதனால் பெரும்பாலானோருக்குத் தம் பதிவு முதலில் பிடிக்காது. மகளையும் ஒரு பாட்டுப் பாடச் சொல்லிப் பதிவு செய்து போட்டுக் காட்டுங்கள், சிரிப்பு நின்றுவிடும்.

இப்போது உங்களைத் திட்ட வேண்டும். எட்டு மாதம் வலியோடு பாடியிருக்கிறீர்கள். ஒரு நாளாவது "டீச்சர், எனக்கு இந்தச் சுருதி எட்டவில்லை" என்று வாய்திறந்து சொன்னீர்களா? சாயங்காலம் கணக்கில் பத்து ரூபாய் இடித்தால் அதைக் கண்டுபிடிக்காமல் வங்கியை விட்டுக் கிளம்புவீர்களா? தொண்டை தினம் இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது, நீங்கள் வயதின்மேல் பழிபோடுகிறீர்கள். அந்த டீச்சர்மீதும் எனக்குக் கோபம்தான். பத்துப் பேருக்கு ஒரே அளவில் ரவிக்கை தைப்பார்களா?

கட்டை என்ற சொல்லே ஆர்மோனியத்திலிருந்து வந்தது. வெள்ளைக் கட்டைகளுக்கு முழு எண், கறுப்புக்கு அரை. ஐந்தரையில் மேல் ஷட்ஜமம் பாடினால் குரல்நாண் நொடிக்குச் சுமார் 415 முறை அதிர வேண்டும். நான்கு கட்டையில் அதே மேல் ஷட்ஜமத்துக்கு 349 போதும். பாடம் ஒன்றுதான், ஸ்வரம் ஒன்றுதான், நொடிக்கு அறுபத்தாறு அதிர்வு மிச்சம். அந்த அறுபத்தாறைத்தான் எட்டு மாதமாகத் தொண்டையை இறுக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பெண் குரல் என்றால் உச்சத்தில்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? கர்நாடகப் பாடகி டி.கே. பட்டம்மாள் (1919–2009) பாடியதைக் கேளுங்கள். தாழ்ந்த, கனத்த குரல். கீச்சு என்பதே கிடையாது.

நான் எட்டாம் வகுப்பில் பள்ளிப் பாட்டுக் குழுவில் இருந்தேன். மகரக்கட்டு வந்தது. ஆண்டு விழாவுக்கு முந்தின நாள் ஓர் ஆசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ வாயை மட்டும் அசைடா" என்றார். அசைத்தேன். அதன்பின் இருபத்தைந்து வருஷம் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் வாயை மட்டும்தான் அசைத்தேன். குளியலறையில்கூடப் பாடியதில்லை.

38 வயதில், மனைவி பிடிவாதமாக மாயவரத்தில் ஒரு வயதான அம்மாளிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் எனக்குப் பாடம் எடுக்கவே இல்லை. ஆர்மோனியத் துருத்தியை இடது கையால் தள்ளிக்கொண்டே, "வாயை மூடிண்டு 'ம்'னு சொல்லுங்கோ, பக்கத்தாத்துக்காரர் ஏதோ சொல்றார், நீங்க தலையாட்டறேள், அந்த 'ம்'" என்றார். மூன்று கட்டையில் ஆரம்பித்தார். என் 'ம்' நடுங்கியது. அடுத்த கட்டைக்கு இறங்கினார். பிறகு அடுத்தது. குரலும் ஆர்மோனியமும் ஒட்டாமல் 'வ்வ்வ்வ்' என்று காதுக்குள் ஒரு அலை அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்றரைக்கு வந்தபோது அந்த அலை மெதுவாகி, நின்றுவிட்டது. என் கையைப் பிடித்து ஆர்மோனியத்தின் பக்கப்பலகையில் வைத்தார். மற்றொரு கையை என் நெஞ்சில் வைக்கச் சொன்னார். இரண்டு உள்ளங்கையிலும் ஒரே அதிர்வு. "இதான் ஒங்க ஆம், ஒங்க வீடு. இனிமே இங்கேர்ந்து கெளம்புங்கோ" என்றார். நான் அழுதுவிட்டேன். அவர் கண்டுகொள்ளாமல் துருத்தியைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

அதன்பின் ஆறு மாதம் சரளி வரிசைதான். எட்டு மாதம் அதிலேயே நிற்பது ஒரு குறையா, என்ன? சரளி வரிசையின் ராகமான மாயாமாளவகௌளையைக் கவனித்திருக்கிறீர்களா? ஸ ரி க ம வில் இருக்கும் அதே இடைவெளிகள்தான் ப த நி ஸ வில் திரும்ப வரும். கீழே காது பிடித்ததை மேலே அப்படியே பிடிக்கலாம். வேண்டுமென்றே பார்த்து வைத்த ராகம் அது.

வயதைக் கேட்டிருந்தீர்கள். பெரிய பாடகரான செம்மங்குடி சீனிவாச ஐயருக்கே இயல்பில் இனிய சாரீரம் கிடையாது, சாதகத்தால், அதாவது விடாத பயிற்சியால், வழிக்குக் கொண்டுவந்தது. 44 ஒரு வயதா?

இதைச் செய்யுங்கள். காலையில், வெறும் தம்புராவை நாலரையில் வைத்து அகாரமாக, 'ஆ' என்று மட்டும், பாடிப் பாருங்கள். மந்தர பஞ்சமம் (கீழ் 'ப') வெறும் காற்றாகப் போகாமலும், மேல் காந்தாரத்தில் (மேல் 'க') கழுத்து நரம்பு புடைக்காமலும் இருக்க வேண்டும். நரம்பு புடைத்தால் நான்குக்கு இறங்குங்கள். கீழே காற்றானால் ஐந்துக்கு ஏறுங்கள். பத்து நிமிஷம் போதும், வலித்தால் உடனே நிறுத்துங்கள். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள், இதில் அசட்டை கூடாது. பிறகு டீச்சரிடம் போய், எனக்கு இந்தக் கட்டையில் தனியாகச் சொல்லித்தாருங்கள் என்று கேளுங்கள். முடியாது என்றால் வேறு டீச்சர் பாருங்கள்.

நான்கா, நாலரையா, ஐந்தா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எதிர்வீட்டு மாடிக்கு நாளை நானும் போய்வருகிறேன்.