'நார்மல்' என்றால் மருந்து ஏறவில்லையா?

கேள்வி: பருத்திக்குப் புரோபெனோபாஸ் பூச்சிமருந்து அடிக்கிறேன். அடித்த அன்று மாலை தலைவலி, கண் மங்கல். மறுநாள் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் பார்த்ததில் 6,000. லேபில் 'நார்மல்' என்கிறார்கள். நம்பலாமா?
- வாசகர், பெரம்பலூர்

பதில்: அந்த ஒற்றை எண்ணை நம்ப வேண்டாம். நரம்பு தசைக்குச் சேதி சொல்லச் சுரப்பது அசிட்டைல்கோலின். சொல்லி முடித்ததும் அதை உடைப்பது கோலினெஸ்டரேஸ் நொதி. புரோபெனோபாஸ், குளோர்பைரிபாஸ் வகை மருந்துகள் இந்த நொதியில் ஒட்டிக்கொண்டு அதை முடக்கிவிடும். சேதி ஓயாது. எச்சில், வியர்வை, கண் மங்கல், சதைத் துடிப்பு எல்லாம் அதன் விளைவு.

பல லேப்களில் சீரம் (ரத்தத்தின் தெளிநீர்ப் பகுதி) நொதிக்கு 5,300 முதல் 12,900 வரை நார்மல். மருந்து தொடாத நாளில் உங்களுக்கு 7,000 என்றால் இந்த 6,000 பெரிய இறக்கமில்லை. 11,000 இருந்திருந்தால்? 45 சதவீதம் போய்விட்டது! கலிபோர்னியா விதிப்படி, சீரம் நொதி அவரவர் சொந்த அளவில் 60 சதவீதத்துக்கு இறங்கினாலே தெளிப்பு வேலையிலிருந்து விலக்குவார்கள். 80க்கு ஏறினால்தான் திரும்பச் சேர்ப்பார்கள்.

சீசனுக்கு முன், 30 நாள் மருந்து தொடாமல் இருந்து, 3 முதல் 14 நாள் இடைவெளியில் இருமுறை, ஒரே லேபில் பார்த்துச் சராசரியைக் குறித்து வையுங்கள். இந்த முறை தவறிவிட்டதால், தெளிப்பை நிறுத்தி ஆறு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். எண் நன்றாக ஏறினால், அன்று இறங்கியிருந்தது என்று பொருள். சிவப்பணுவில் உள்ள நொதி இன்னும் மெதுவாக, நாளுக்கு 1 சதவீதம் அளவில்தான் மீளும். புது அணு பிறந்து வர வேண்டுமே.

ஈரல் நோய், கர்ப்பம், பரம்பரைக் குறைபாடு இவற்றாலும் சீரம் நொதி குறையும். இந்த நொதியை முடக்காத வேறு வகை மருந்துகளான சைபர்மெத்ரின், இமிடாகுளோபிரிட் ஏறியிருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது.

டேங்க் மூடியின் வாஷரையும் பாருங்கள். அது தேய்ந்து முதுகு நனைந்தால் தோல் வழியே ஏறும். சட்டையைக் கழற்றி உடனே சோப்புப் போட்டுக் குளியுங்கள். சதை துடித்தாலோ மூச்சு திணறினாலோ மருந்துப் புட்டியோடு நேரே ஆஸ்பத்திரி, ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: பூச்சிமருந்தை முறிக்கும் நொதி ரத்தத்திலேயே இருக்கிறதாமே? அதைக் கூட்ட மாத்திரை உண்டா?
- வாசகி, தேனி

பதில்: நொதி உண்டு, மாத்திரை கிடையாது. பாராக்ஸோனேஸ்-1 என்பது ஈரலில் உண்டாகி எச்.டி.எல். கொழுப்போடு ரத்தத்தில் சுற்றுவது. குளோர்பைரிபாஸ் உடம்புக்குள் 'ஆக்ஸான்' என்ற கொடிய வடிவம் எடுக்கும். அதை இது நறுக்குகிறது. ஆளுக்கு ஆள் இதன் அளவு பல மடங்கு மாறும். பிறந்த குழந்தைக்கு மிகக் குறைவு. வளர வளரத்தான் பெரியவர்கள் அளவை நெருங்கும். தெளித்த சட்டையோடு குழந்தையைத் தூக்க வேண்டாம், அதன் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் வேண்டாம்.