ஹிண்டன்பர்க்: 8 வயதா, 14 வயதா?

மகளின் பள்ளி நாடகத்துக்காகத் தேடும்போது, ஹிண்டன்பர்க் என்ற வான்கப்பல் (ஹைட்ரஜன் வாயு நிரப்பிப் பறந்த பயணிகள் கப்பல்) எரிந்த விபத்தில் தப்பிய சிறுவன் வெர்னருக்கு ஓரிடத்தில் 8 வயது, இன்னோரிடத்தில் 14 வயது என்று இருப்பதாகக் கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரி. அவர்கள் இரண்டு வெர்னர்கள்.

8 வயதுக்காரர் வெர்னர் டோனர், பயணி. 1937 மே 6 மாலை, அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் கப்பல் எரிந்தபடி இறங்கும்போது தாய் முதலில் அண்ணனை ஜன்னல் வழியே வீசினார். அடுத்து இவரை வீச, எதிலோ மோதித் திரும்பி உள்ளே விழுந்தார். தாய் பிடித்து மறுபடி வீசினார். தாய் பிழைத்தார். தந்தையும் அக்காவும் இறந்துவிட்டார்கள். தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள்.

14 வயதுக்காரர் வெர்னர் ஃபிரான்ஸ், கப்பலின் எடுபிடிப் பையன். தலைக்கு மேலிருந்த தண்ணீர்த் தொட்டி உடைந்து அவரை முழுக்க நனைத்தது. சரக்கேற்றும் கதவை உதைத்துத் திறந்து, தரை நெருங்கியதும் குதித்து, காற்று வரும் திசையை நோக்கி ஓடினார். காற்றோடு ஓடியிருந்தால் தீ துரத்தியிருக்கும்.

நாடகத்தில் எல்லோரும் இறந்ததாகக் காட்ட வேண்டாம். கப்பலில் இருந்த 97 பேரில் 62 பேர் பிழைத்தார்கள். ஹைட்ரஜன் இலேசானது, தீ மேல்நோக்கி எழுந்தது. பயணிகள் தளமோ கப்பலின் அடிவயிற்றில். முழுவதும் எரிந்து விழ அரை நிமிடம்தான் ஆனது. அதனால் தீ பிடித்தபின் நீண்ட வசனம் வைக்காதீர்கள், ஓரிரு சொற்கள் போதும்.