புறாக் கணக்கை மாடிக்கு அனுப்பிவிட்டீர்கள்

கேள்வி: என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். மற்ற பாடங்களில் எண்பதுக்குக் குறையமாட்டாள். கணக்கு என்றால் மட்டும் அழுகை. காலாண்டுத் தேர்வில் நூற்றுக்கு 31. கடன் வாங்கிக் கழிப்பது வரவே இல்லை. புதிர், விடுகதை மூலமாகப் பழக்கினால் பிள்ளைகளுக்குக் கணக்கு பிடிக்கும் என்று கேள்விப்பட்டு மூன்று புதிர்ப் புத்தகங்கள் வாங்கினேன். பணம் கட்டி போனில் ஒரு கணக்குப் புதிர் ஆப்பும் போட்டுக் கொடுத்தேன். அதில் நிறைய ஸ்டார் வாங்குகிறாள், பள்ளிக்கூடத்தில் மாற்றமே இல்லை. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் முப்பது வருஷம் காய்கறிக் கடை வைத்திருந்தவர். பிள்ளை படிக்க உட்கார்ந்தால் மாகாணி, வீசம் என்று பாடத்தில் இல்லாததைச் சொல்லிக் குழப்புவார். ஒரு நாள் ஏதோ புறாக் கணக்குப் போட்டுவிட, இவள் ராத்திரி முழுக்கப் புரண்டு கிடந்து, விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து "முப்பத்தாறு ஆயா, முப்பத்தாறு!" என்று வீடே அதிரக் கத்தினாள். அதிலிருந்து சாயங்காலம் ஐந்து முதல் எட்டு வரை அவரை மாடி ரூமிலேயே இருக்கச் சொல்லிவிட்டோம். வேறு எந்தப் புதிர்ப் புத்தகம் வாங்கலாம்? எந்த டியூஷனில் சேர்க்கலாம்?
ஒரு தாய், காட்பாடி

பதில்:

சகோதரி,

எந்தப் புத்தகத்தின் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. டியூஷனும் வேண்டாம். கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதவும் மனம் வரவில்லை. கணக்கு வராத பிள்ளைகளைப் பற்றி எனக்கு மாதம் தவறாமல் கடிதம் வருகிறது. மதிப்பெண் இருக்கும், புலம்பல் இருக்கும். உங்கள் கடிதத்தில் அதையெல்லாம் தாண்டி ஒரு விடை இருக்கிறது. அதைப் புகார் மாதிரி எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள்.

"முப்பத்தாறு ஆயா, முப்பத்தாறு!"

அந்த விடை சரியா, தப்பா? உங்கள் வீட்டில் யாராவது போட்டுப் பார்த்தீர்களா?

அந்தப் புறாக் கணக்கு எனக்கும் தெரியும். நம் பக்கத்துப் பாட்டிகள் பலர் வாயிலும் இருந்த கணக்குதான். மரத்தில் ஒரு புறாக் கூட்டம். அந்தப் பக்கமாக வந்த காகம், "நீங்க நூறு பேரா?" என்று கேட்டது. "நூறு இல்ல. நாங்களும், எங்க அளவு இன்னொரு கூட்டமும், எங்கள்ல பாதியும், பாதியில பாதியும், அதோட உன்னையும் சேத்தாதான் நூறு" என்றது ஒரு புறா. அப்படியானால் மரத்தில் எத்தனை புறா?

உங்கள் மகளுக்கு ஒன்பது வயது இருக்குமா? இருட்டில், பேப்பர் பென்சில் இல்லாமல் படுத்துக்கொண்டு போட்டிருக்கிறாள். முதலில் முப்பது என்று வைத்துப் பார்த்திருப்பாள். முப்பதும் முப்பதும் அறுபது, பாதி பதினைந்து, அதில் பாதி ஏழரை. அரைப் புறா ஏது? அப்போதே ஒன்று பிடிபட்டிருக்கும்: பாதியும் பாதியில் பாதியும் முழுசாக வர வேண்டுமென்றால் நாலால் வகுபடுகிற எண்ணாக இருக்க வேண்டும். சரி, 32. அதோடு 32, 16, 8, காகம் ஒன்று: மொத்தம் 89. போதவில்லை. 40 வைத்தால் 40, 40, 20, 10, ஒன்று: 111. தாண்டிவிட்டது. நடுவில் நிற்பது 36. முப்பத்தாறும் முப்பத்தாறும் எழுபத்திரண்டு, பதினெட்டு சேர்த்தால் தொண்ணூறு, ஒன்பது சேர்த்தால் தொண்ணூற்றொன்பது, காகத்தோடு நூறு.

இதே வழியில்தான் போனாள் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் எந்த வழியில் போயிருந்தாலும் கூட்டல், பாதி, கால், வகுத்தல், போட்ட விடையைத் திரும்பச் சரிபார்த்தல் இதில் பலதையும் தொடாமல் அந்த எண்ணுக்கு வந்து சேர்ந்திருக்க முடியாது. கணக்கு என்றாலே அழுகிற பிள்ளை, யாரும் சொல்லாமல், மதிப்பெண் கிடைக்காது என்று தெரிந்தும் ஒரு ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டிருக்கிறாள். சரியான விடையோடு எழுந்து, அதைச் சொல்ல ஓடியிருக்கிறாள். நீங்கள் என்ன செய்தீர்கள்? கணக்குப் போட்டவரை மாடிக்கு ஏற்றிவிட்டீர்கள்.

எனக்குக் கோபம் வருகிறது. மறைக்க விரும்பவில்லை.

அந்த ஆப்பில் வாங்குகிற ஸ்டார் எதற்கு என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இந்த மாதிரி ஆப்புகள் பலவற்றில் கேள்விக்குக் கீழே நாலு விடை இருக்கும். ஒன்றைத் தொட்டுத் தப்பானால் இன்னொன்றைத் தொடலாம். நாலாவது தடவை எப்படியும் சரியாகிவிடும். உங்களுடையதும் அப்படி இருந்தால், பிள்ளை அதில் பழகுவது கணக்கை அல்ல, ஊகித்துத் தொடுவதை. பள்ளிக்கூடத்துப் பேப்பரில் தொடுவதற்கு நாலு விடை இல்லை, அதனால்தான் அங்கே 31. ஆயா போட்ட கணக்கிலும் அப்படி எதுவும் இல்லை. கேள்வியைச் சொல்லிவிட்டு ஆயா தூங்கப் போய்விட்டார். கேள்விக்கும் விடைக்கும் நடுவே பிள்ளை தனியாக இருந்த அந்த நேரத்தில்தான் கணக்கு ஏறுகிறது. நம் வீடுகளில் அதற்குத்தான் இடமே இல்லை. பிள்ளை இரண்டு நிமிஷம் முழித்தால் போதும், நாமே விடையைச் சொல்லிவிடுகிறோம்.

நான் விரிஞ்சிபுரத்தில் வளர்ந்தவள். எங்கள் ஆயா அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து புளியங்கொட்டையை வைத்துக் கணக்குப் போடுவார். மூன்று குளம், மூன்று கோயில். கையில் கொஞ்சம் பூ. குளத்தில் முக்கினால் பூ இரண்டு மடங்காகும். ஒவ்வொரு கோயிலிலும் எட்டுப் பூ வைக்க வேண்டும், கடைசிக் கோயிலைவிட்டு வெளியே வரும்போது கை காலி. எத்தனை பூவோடு கிளம்பினாள்? நான் ஐந்து என்றேன், பத்து என்றேன், அழுதேன். ஆயா பதில் சொல்லவில்லை. எட்டுக் கொட்டையை என் முன்னால் வைத்து, "இது கடைசிக் கோயில்ல வச்சது. குளத்துல முக்கறதுக்கு முன்னாடி இது எத்தினி?" என்று மட்டும் கேட்டார். பாதியை ஒதுக்கினேன், நாலு. இரண்டாம் கோயிலில் வைத்த எட்டைச் சேர்த்தேன், பன்னிரண்டு. பாதி ஆறு. முதல் கோயிலுக்கு எட்டு, பதினாலு. பாதி ஏழு. விடையைவிட, கணக்கைப் பின்னாலிருந்தும் போடலாம் என்று அன்றைக்குத் தெரிந்ததுதான் இத்தனை வருஷமாக என் கூட வருகிறது. உங்கள் மகளுக்கு இதே கணக்கை எட்டைச் சொல்லியே போடலாம். இரண்டு வருஷம் போனபின் எட்டையும் மறைத்துவிட்டுக் கேட்கலாம்.

மாகாணி, வீசம் பாடத்தில் இல்லை என்கிறீர்கள். அரை, கால், அரைக்கால், வீசம்: ஒன்றில் பாதி அடுத்தது. வீசம் என்றாலும் மாகாணி என்றாலும் பதினாறில் ஒரு பங்கு. கிலோவில் கால் 250 கிராம், அரைக்கால் 125. பாதியில் பாதியை வாயால் சொல்லிச் சொல்லிப் பழகிய பிள்ளைக்குப் பின்னக் கணக்கு பயம் காட்டாது. உங்கள் மாமியார் முப்பது வருஷம் முள்ளுக்கத்தரிக்காயை நிறுத்து, முக்கால் கிலோவுக்கும் ஒன்றேகால் கிலோவுக்கும் அந்த நிமிஷமே விலை சொன்னவர். ஒரு காசு விட்டால் அன்றைக்கு அவருக்கு நஷ்டம். கணக்குப் பயிற்சி என்பது வேறென்ன?

கடன் வாங்கிக் கழிப்பதற்கும் ஒன்று சொல்கிறேன். நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேகர் (1905–1986) கண்டுபிடித்தது. நாலு இலக்க எண் ஒன்றை எடுக்க வேண்டும். நாலும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறுவரிசையில் எழுதியதைக் கழிக்க வேண்டும். வந்த விடையை மறுபடி அப்படியே செய்ய வேண்டும். ஏழு தடவைக்குள் 6174 வந்து நிற்கும், அதற்குமேல் நகராது. வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த வருஷத்தைக் கொடுங்கள், 1806. 8610-இலிருந்து 0168 போனால் 8442. பிறகு 5994, 5355, 1998, 8082, 8532, ஏழாவதாக 6174. ஏழு கழித்தல், ஒவ்வொன்றிலும் கடன் வாங்க வேண்டியிருக்கும். இடையில் ஒன்று தப்பாகிவிட்டால் 6174-க்கு வர எண்ணிக்கை மாறலாம். நீங்கள் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் தனித்தனியாகப் போட்டு ஒத்துப் பாருங்கள். அடுத்து அவள் பிறந்த வருஷம், உங்கள் வண்டி நம்பர். பத்துக் கழித்தல் போடு என்று நோட்டை நீட்டினால் அழுகிற பிள்ளை இதை விடாமல் போடும்.

புதிர் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. வாய்ப்பாடு மனப்பாடமாகத்தான் வேண்டும். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று நாக்கில் வராத பிள்ளை புதிரின் நடுவழியில் நின்றுவிடும், நின்றால் வெறுக்கும். தினம் பத்து நிமிஷம், சத்தமாக, தோசை வார்த்துக்கொண்டே கேளுங்கள். அதற்கு ஆப்பு தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். நிழல் விழுவதை வைத்து மணி பார்க்கிற கல் அங்கே இருக்கிறது. கடிகாரம் பார்க்கத் தடுமாறுகிற பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

இனி கணக்கை விடுங்கள். உங்களிடம் கேட்க வேண்டியது வேறு.

மாடி ரூம் என்கிறீர்கள். முப்பது வருஷம் மார்க்கெட்டில் குந்தியிருந்த மனுஷிக்கு முட்டி எப்படி இருக்கும்? ஐந்து மணிக்கு ஏறினால் எட்டு மணிவரை இறங்கக் கூடாது. நடுவில் காபி யார் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்? கீழே பேத்தியின் குரல் கேட்டுக்கொண்டிருக்கும், அவர் வரக் கூடாது. அவர் எதிர்த்து ஏதாவது சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. சொல்லியிருக்கமாட்டார். பேத்தி படிப்பு கெடும் என்று சொன்னால் எந்த ஆயாதான் மறுப்பார்? "இருக்கச் சொல்லிவிட்டோம்" என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் உங்கள் கணவரையும் சேர்த்தே கேட்கிறேன். அவர் பள்ளிக்கூடம் போனது எந்தக் கடைக் காசில்? அவருக்கு முதல் கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுத்தது யார்?

நான் இவ்வளவு எழுதியதைப் படித்துவிட்டு, அத்தையிடம் கணக்குச் சொல்லித்தரச் சொல்லலாமே என்று இறக்கி அழைத்து வராதீர்கள். எனக்கு அந்தப் பயம்தான் அதிகம். அரையாண்டில் பிள்ளை தொண்ணூறு வாங்கிவிட்டால் என்ன செய்வீர்கள், மறுபடி மாடிக்கா? முப்பதே வாங்கினால் அவர்மேல் பழி போடுவீர்களா? அவர் கீழே இருக்க வேண்டியது டியூஷன் டீச்சராக அல்ல. அது அவர் மகன் வீடு, சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரத்தில் வீட்டுக்குப் பெரியவர் வீட்டு நடுவில் இருக்க வேண்டும். புறாக் கணக்கு ஒன்றுகூட அவருக்குத் தெரியாமல் இருந்திருந்தாலும் நான் இதையேதான் எழுதியிருப்பேன். பிள்ளை உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தான் போட்ட சரியான விடைக்கு ஆயாவுக்குத் தண்டனை கிடைத்தது என்று அவள் மனசில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த கணக்கை அவள் எந்தத் துணிச்சலில் போடுவாள்?

இன்றைக்கு ஐந்து மணிக்கு நீங்களே மாடிக்குப் போங்கள், பிள்ளையை அனுப்பாதீர்கள். தப்பு செய்துவிட்டேன் அத்தை என்று சொல்லுங்கள். கையைப் பிடித்து இறக்கி அழைத்து வந்து, காபி கொடுத்து, கூடத்தில் உட்கார வையுங்கள். பிறகு நீங்களும் உங்கள் கணவரும் மகளும் எதிரே தரையில் உட்காருங்கள். நாற்பது சேர் எடைக்கல் ஒன்று கீழே விழுந்து நாலு துண்டாக உடைந்தது, அந்த நாலை மட்டும் வைத்துத் தராசில் ஒன்றிலிருந்து நாற்பது சேர் வரை எதையும் நிறுக்க முடிந்தது, துண்டுகள் எவ்வளவு எவ்வளவு என்று ஒரு கணக்கு உண்டு. தராசின் இரண்டு தட்டிலும் கல் வைக்கலாம். மார்க்கெட்டில் இருந்தவருக்கு அது தெரியாமல் இருக்காது. அவரையே போடச் சொல்லுங்கள். விடை தெரிந்தால் எனக்கு எழுத வேண்டாம், அவரிடம் சொல்லுங்கள்.